கல் என்னும் வினை

(அதியமான்கோட்டையில் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தன் பெயராகவே தாங்கி நிற்கும் இவ்வூரில் பேச வருகிறவர்கள் நெல்லிக்கனியைத் தொட்டே பேச்சைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வெளியூரிலிருந்து ஒருவன் வர வேண்டியதில்லை. இந்த மாலையில் நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அதைக் காட்டிலும் மிகச் சிறியது. ஒரே ஒரு வினைச்சொல். 'கற்க' என்றும் 'கற்றான்' என்றும் 'கற்பித்தான்' என்றும் விரிந்து, 'கல்வி' என்னும் பெயரையும் ஈன்ற 'கல்' என்னும் அந்த ஓரசைச் சொல்லுக்குள் நம் முன்னோர் படிப்பைப் பற்றி வைத்திருந்த ஓர் அபிப்பிராயம் அடங்கியிருக்கிறது என்பதும், அந்த அபிப்பிராயத்தை நாம் வரவர மறந்துவருகிறோம் என்பதுமே என் பேச்சின் சாரம்.

இந்த மாவட்டத்தில் 'கல்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது நடுகல். ஆநிரை மீட்கப் போய் உயிர் துறந்த வீரர்களுக்கும், ஊரைக் காத்து மாண்டவர்களுக்கும் எடுத்த கற்கள் இந்தப் பக்கத்துக் காட்டிலும் மேட்டிலும் நிறைந்து கிடந்தவை. அவற்றிற் பல இன்று தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கல் பெயர்ச்சொல். நான் பேச வந்த கல் வினைச்சொல். இரண்டும் ஒலியால் ஒன்றாக இருப்பதைக் கண்டு, கல்லிற் பொறிப்பதால்தான் கல்வி எனப் பெயர் வந்தது என்பாரும், 'கல்லுதல்' என்றால் தோண்டுதல் ஆகையால் அறியாமையைத் தோண்டி எறிவதே கல்வி என்பாரும் உண்டு. வள்ளுவர் கல்வியை மணற்கேணி தோண்டுவதற்கு ஒப்பிட்டிருப்பதால் இந்த இரண்டாவது விளக்கத்தில் ஒரு கவர்ச்சியும் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் திராவிட மொழிகளின் சொற்களையெல்லாம் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1961-இல் முதற்பதிப்பும் 1984-இல் திருத்திய பதிப்புமாக வெளிவந்த பர்ரோ, எமனோ என்னும் இருவரின் வேர்ச்சொல் அகராதி இவற்றைத் தனித்தனித் தலைப்புகளிலேயே வைத்திருக்கிறது. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது. 'பயில்' என்னும் வினையோடு 'பயில்வா'னைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றும், ஆனால் மல்லனைக் குறிக்கும் அச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது.

கல் என்னும் வினைக்கு உண்மையான உறவினர் யார் என்று கேட்டால், அதைத் தெரிந்துகொள்ள இந்த ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கன்னடம் பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களோடு ஒரே தெருவில் வாழும் வட்டாரம் இது. கன்னடத்தில் கற்றுக்கொள்வது 'கலி', கற்பிப்பது 'கலிசு'. பழைய தெலுங்கில் 'கறசு' என்றால் கற்றல், 'கறபு' என்றால் கற்பித்தல். மேலைக் கடற்கரையின் துளுவில் 'கல்புனி' என்கிறார்கள். நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர் மொழிகளிலும் இவ்வினை உண்டு. இதில் கவனிக்கத்தக்க ஒரு விசேஷம் என்னவென்றால், தோடருக்கும் கோத்தருக்கும் சொந்தமாக எழுத்து இருந்ததில்லை. ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. எருமை வளர்ப்பதையும் இரும்பு அடிப்பதையும் பாட்டுக் கட்டுவதையும் அவர்கள் 'கற்றார்கள்'. ஆகவே கல் என்னும் வினை எழுத்துக்கு முற்பட்டது. புத்தகம் என்னும் பொருள் இந்நாட்டில் தோன்றுவதற்கு முன்பே, தெரியாத ஒன்றைப் பழகித் தன்வசமாக்கிக்கொள்வதற்குத் தென்னாட்டு மக்கள் வைத்திருந்த சொல் அது என்று துணிவதில் பிழையில்லை.

இனி, இவ்வினை எப்படித் தன் குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டது என்பதைப் பாருங்கள். கல் என்பதிலிருந்து கல்வி, கற்றவன், கல்லாதவன், திருக்குறளில் கல்வி என ஓர் அதிகாரம், அதை அடுத்துக் கல்லாமை என ஓர் அதிகாரம். கல்லூரி என்பது ஏதோ ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் 'காலேஜ்' என்பதற்காக ஆக்கிய புதுச்சொல் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது சீவக சிந்தாமணியிலேயே ஆளப்பட்ட பழஞ்சொல். இத்தனை பிள்ளைகளைப் பெற்ற இவ்வினையிலிருந்து, 'பி' என்னும் விகுதி சேர்ந்து பிறவினையாகப் பிறந்ததே 'கற்பி' என்பது. கற்பித்தல் என்றால் கற்கும்படி செய்தல். இலக்கணம் அறிந்த மாணவருக்கு இது சாதாரண செய்தி. ஆயினும் இதே செய்தியை வேறொரு நாட்டு மொழியின் அருகில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடலோரத்தில் லாட்வியா என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. ஜனத்தொகை இருபது லட்சத்தைக்கூட எட்டாது. இந்தியப் பிள்ளைகள் பலர் மருத்துவமும் பொறியியலும் படிக்க அந்நாட்டுத் தலைநகரமான ரீகாவுக்கு இப்போது போகிறார்கள். அந்நாட்டார் பேசும் லாட்விய மொழி, சம்ஸ்கிருதமும் லத்தீனும் அடங்கிய பெருங்குடும்பத்தில் பால்டிக் என்னும் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் இன்று உயிரோடிருப்பவை அதுவும் லிதுவேனியமும் ஆகிய இரண்டே. சிறிய ஜாதி ஆனாலும் தன் வாய்மொழிப் பாடல்களை லட்சக்கணக்கில் தொகுத்துவைத்த ஜாதி அது. கிறிஷ்யானிஸ் பரோன்ஸ் என்னும் பெரியவர் தொகுத்த அப்பாடல்களின் முதற்பகுதி வெளிவரத் தொடங்கியது 1894-ஆம் ஆண்டில். நம் அதியமானின் புகழைச் சொல்லும் புறநானூறு உ.வே. சாமிநாதையரால் அச்சேறியதும் அதே 1894-இல்தான் என்பது ஒரு சுவையான தற்செயல்.

அந்த மொழியில் படிப்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. ஒன்று 'ஸ்துதேத்', இது இரவல் சொல். 'ஊக்கங்கொள்ளுதல், ஒன்றிலே மனம் பதித்து முயலுதல்' என்னும் பொருளுடைய 'ஸ்துதேரே' என்ற லத்தீன் வினை, ஜெர்மானியர் வாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் 'ஸ்டூடண்ட்' என்று சொல்லும்போது அதே வேரைத்தான் உச்சரிக்கிறார்கள். ரீகாவில் 1919-இல் தேசியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட அந்நாட்டில், பல்கலைக்கழகப் படிப்புக்கே இவ்வினை உரியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது இதை ஆள்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் பட்டறைக்கும் உரியது மற்றொரு வினை, 'மாத்ஸீதியெஸ்' என்பது. இதன் அமைப்பே நம் கவனத்துக்குரியது. 'மாத்ஸேத்' என்றால் ஒன்றைச் செய்யத் தெரிந்திருத்தல். அதிலிருந்து 'மாத்ஸீத்', தெரியச் செய்தல், அதாவது கற்பித்தல். அதன் இறுதியில் 'தன்னை' என்னும் பொருள்தரும் விகுதி சேர, 'மாத்ஸீதியெஸ்', அதாவது தன்னைத் தானே கற்பித்துக்கொள்ளுதல். கற்றலுக்கு அவர்கள் சொல் அதுதான்! ருஷ்ய மொழியிலும் இதே முறை.

ஆக, அங்கே கற்பித்தல் முதல், கற்றல் அதன் வழி. இங்கே கற்றல் முதல், கற்பித்தல் அதன் வழி. அவர்கள் கற்பவனைத் தனக்குத் தானே ஆசிரியனாக்கினார்கள். நாம் ஆசிரியனை, பிறர் கற்பதற்கு ஏதுவானவன் என்ற அளவில் நிறுத்தினோம். நம் பேச்சுவழக்கும் இதற்கு ஒத்தே நடக்கிறது. 'கற்றுக்கொள்' என்கிறோம், அங்கே 'கொள்' என்னும் துணைவினை, கற்றதைத் தனக்கே உடைமையாக்கிக்கொள்வதைக் காட்டுகிறது. 'கற்றுக்கொடு' என்கிறோம், முதலில் கற்று, பிறகு கொடு என்பதே அத்தொடரின் அமைப்பு. கல்லாதவன் கற்றுக்கொடுக்க முடியாது என்பதை நம் மொழி ஆசிரியப் பயிற்சி நூல்களில் எழுதிவைக்காமல் வினையின் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது.

இலக்கண விகுதியை வைத்துக்கொண்டு ஒரு ஜாதியின் குணத்தையே அளந்துவிடலாகாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. லாட்வியப் பிள்ளைகள் ஆசிரியரை எதிர்பார்த்துக் கைகட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் தாமாகவே கற்றுவிடுவதும் இல்லை. ஆயினும், ஒரு சொல்லின் அமைப்புக் காட்டுவதையே அந்த மொழியின் பழைய நூல்களும், பழைய பள்ளிகளின் நடைமுறையும் சேர்ந்து சொல்லுமானால், அப்போது அந்தச் சாட்சியத்துக்குக் காது கொடுக்கத்தான் வேண்டும்.

முதலில் வடமொழியை ஒரு கணம் பார்ப்போம். 'சிக்ஷா' என்னும் சொல் எப்படிப் பிறந்தது? 'சக்' என்னும் தாதுவுக்கு இயலுதல், வல்லமை உடைத்தாதல் என்று பொருள். அதன் இச்சைப் பொருள் வடிவமே 'சிக்ஷ்'. அதாவது, இயல வேண்டும் என்று விரும்புதல், வல்லவனாக ஆசைப்படுதல். லாட்வியர் 'செய்யத் தெரிதல்' என்ற வேரிலிருந்து கல்வியைப் பெற்றது போலவே, வடமொழியாரும் வல்லமைக்கு ஆசைப்படுவதிலிருந்து கல்வியைப் பெற்றார்கள். அத்தகைய உயர்ந்த சொல் தமிழில் 'சிட்சை'யாக வந்து என்ன பொருள் பெற்றது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பிரம்புதான் நினைவுக்கு வரும். கன்னடம் பேசும் அன்பர்களுக்கு இந்த வினோதம் இன்னும் நன்றாகத் தெரியும். அம்மொழியில் கல்வி 'சிக்ஷண', தண்டனை 'சிக்ஷெ'. கற்பவனின் ஆசையைக் குறித்த சொல், கற்பிப்பவனின் கைப்பிரம்பைக் குறிக்கும்படி ஆனதற்குச் சொல்லைக் குறை கூறிப் பயனில்லை. அச்சொல்லைக் கையாண்ட பள்ளிக்கூடங்களையே கேட்க வேண்டும்.

தமிழில் படிப்பைக் குறிக்கும் மற்றொரு பழைய வினை 'ஓது'. வாய்விட்டுச் சொல்லி மனத்தில் இருத்திக்கொள்வது அது. தொல்காப்பியர் தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களை எண்ணும்போது ஓதலைத்தான் முதலில் வைக்கிறார். பகையும் தூதும் அதற்குப் பின்னரே வருகின்றன. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டுக்கு மேல் பிரிந்திருத்தலாகாது என்று வேறோரிடத்தில் வரம்பும் கட்டுகிறார். இளங்கலைப் பட்டத்துக்கு நாம் இன்று வைத்திருக்கும் காலமும் மூன்று ஆண்டே என்பதை நினைத்து மாணவர்கள் சிரிக்கலாம். வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்ற நினைவோடு பாடத்திட்டம் வகுத்தவர் தொல்காப்பியர் ஒருவராகத்தான் இருப்பார்.

இந்த ஓது என்னும் வினை இன்று தமிழ்நாட்டில் எங்கெங்கே வாழ்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். இஸ்லாமியர் வீட்டுப் பிள்ளை மதரஸாவில் குர்ஆன் ஓதுகிறது. 'எத்தனை ஜூஸ்வு (பகுதி) ஓதியிருக்கிறாய்?' என்று அங்கே பெரியவர்கள் கேட்கிறார்கள். வேதம் ஓதுவதும் உண்டு; காதோடு காதாகக் கோள் ஓதுவதும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்துப் படிப்பைப் பற்றிப் பேசும்போது தமிழன் இந்த வினையைக் கைவிட்டுவிட்டான். நம் அண்டை வீட்டுக் கன்னடத்தான் கைவிடவில்லை. 'உன் மகன் என்ன படிக்கிறான்?' என்பதை அவன் இன்றும் 'ஓது' என்னும் வினை கொண்டே கேட்கிறான். தினசரிப் பத்திரிகையையும் அவன் ஓதுகிறான். ஆத்திசூடியிலே பிள்ளைகளுக்குப் படிப்பை விடாதே என்று சொல்ல ஔவையார் எடுத்துக்கொண்ட வினையும் இதுவே. அந்த ஔவையார் அதியமானின் அவையிலிருந்த சங்ககால ஔவையாருக்கு மிகப் பிற்பட்டவர் என்பதை இந்த ஊரில் நினைவூட்டுவது என் கடமை.

தமிழன் ஓதுதலை விட்டுப் பிடித்துக்கொண்ட வினை 'படி'. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி இதை வடமொழியின் 'பட்' என்னும் தாதுவோடு சேர்க்கிறது. பாடம், பாடசாலை என்பவையும் அவ்வழியினவே. மனத்தில் படிதல், படிந்து நிற்றல் என்னும் தமிழ் வினையிலிருந்தே இது வந்தது என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடியினும், படித்தல் என்பது முதலில் உரக்கச் சொல்லுதலாகவே இருந்தது என்பதற்குக் கிராமத்துப் பேச்சே சாட்சி. நாற்று நடும் பெண் 'பாட்டுப் படிக்கிறாள்' என்றால் அவள் கையில் புத்தகம் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் 'பாரதம் படிக்கிறார்கள்' என்கிறோம். இந்தப் பக்கத்து மக்கள் அதை நன்கு அறிவார்கள். வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து ஒருவர் விருத்தத்தை இராகத்தோடு எடுத்து விடுவார்; பிரசங்கியார் அதைப் பதம் பிரித்து, கதை சொல்லி, இடையிடையே ஊர் நடப்பையும் சேர்த்து விரிப்பார்; பந்தலின் கீழ், எழுத்தே அறியாத கிழவி ஒருத்தி, துரியோதனன் சபையில் விகர்ணன் எழுந்து பேசும் இடம் வரப்போகிறது என்பதைப் பிரசங்கியாருக்கு முன்பே பக்கத்திலிருக்கும் பேத்திக்குச் சொல்லிவிடுவாள். அவள் பாரதம் படித்தவள் அல்லள் என்று யார் சொல்ல முடியும்? உங்கள் ஊர்ச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் இதிகாசக் காட்சிகளைத் தீட்டிவைத்தவர்கள், அத்தகையவர்கள் அண்ணாந்து பார்த்துப் படிப்பதற்காகவே தீட்டினார்கள்.

இந்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் படி என்னும் வினை வாயை மூடிக்கொண்டது. படிப்பது என்றால் கண்ணால் படிப்பது என்றாயிற்று, பிறகு, பரீட்சைக்குப் படிப்பது என்றாயிற்று, 'என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால் நூலின் பெயரைச் சொல்லாமல் பட்டத்தின் பெயரைச் சொல்லும் காலமும் வந்தது. இலங்கைத் தமிழர் ஓரளவு பழைய இலக்கணத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தைக் கண்ணால் பார்ப்பதை வாசித்தல் என்றும், பாடம் பயில்வதைப் படித்தல் என்றும் பிரித்து வழங்குவதோடு, ஆசிரியர் 'கணக்குப் படிப்பிக்கிறார்' என்று பிறவினையையும் விடாமல் ஆளுகிறார்கள். நம் பக்கத்தில் ஆசிரியர் பாடம் 'எடுக்கிறார்', பாடம் 'நடத்துகிறார்', 'போர்ஷனை முடிக்கிறார்'. இந்த வினைகளில் எதிலாவது மாணவன் இருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள். கற்பிக்கிறார் என்றாலும் படிப்பிக்கிறார் என்றாலும், கற்கிற ஒருவன், படிக்கிற ஒருவன் அந்த வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்; பாடத்தையோ எதிரில் யாருமில்லாமலும் எடுக்கலாம், நடத்தலாம், முடித்தும் விடலாம்.

படித்தேன் என்பதற்குப் பழைய வித்துவான்கள் வேறொரு தொடரை வைத்திருந்தார்கள்: 'பாடம் கேட்டேன்'. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் உ.வே. சாமிநாதையர். அவர் 1880-ஆம் ஆண்டு தம் இருபத்தைந்தாம் வயதில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்ற நிகழ்ச்சி தமிழுலகில் பிரசித்தம். உங்கள் தருமபுரி 1965 வரையில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்ததாகையால், முதலியார் உங்களுக்கும் ஒருவகையில் ஊர்க்காரர்தாம். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாகப் பெரியதொரு வரிசையைச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் பார்த்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது அவருடைய கேள்வி. இல்லை என்பதே ஐயர் சொல்லக்கூடிய விடையாக இருந்தது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஒருவர் அந்த நிலையில் மனம் புண்பட்டு எழுந்து வந்திருக்கலாம். ஐயர் அந்த நூலின் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார். படிக்கத் தொடங்கினார், கதை விளங்கவில்லை, சமண சமயப் பரிபாஷைகள் விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர் வீடு ஒன்றுக்குப் போனபோது அங்கே ஏதோ விசேஷத்துக்குரிய அலங்காரத்தைக் கண்டார்; காரணம் விசாரித்தால், சில மாதங்களாக அவர்கள் கூடியிருந்து சிந்தாமணியைப் படித்துக் கேட்டுவந்தது அன்று நிறைவெய்தியதாம். தமிழாசிரியர்களே அறியாத ஒரு காப்பியத்தை வியாபாரிகளும் குடும்பஸ்தர்களும் வழிவழியாகக் கேட்டுவந்திருந்தார்கள். அவர்களிடம் அமர்ந்து, சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார் ஐயர். 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. அந்தப் பழக்கத்தால் பெற்ற துணிவே ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு புறநானூற்றை நமக்குத் தந்தது. அது வராமலிருந்தால், நெடுமான் அஞ்சியை ஔவையார் நேரில் கண்டு பாடிய பாடல்கள் ஏட்டுச் சுவடிகளில் செல்லரித்துப் போயிருக்கும். திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பை என்னும் ஊரில் 1981-இல் ஒரு பாறைக் கல்வெட்டைக் கண்டுபிடித்தபோது, அதில் முனிவர் உறைவிடம் ஈந்தவனாகக் குறிக்கப்படும் நெடுமான் அஞ்சி யார் என்று உடனே அடையாளம் காண முடிந்ததும் புறநானூறு கையில் இருந்ததால்தான். கற்பிக்கும் பதவியில் இருந்தவர் மீண்டும் கற்பவரானதன் பலன் இது.

ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தமிழ் நூல் கணக்காகவே சொல்லியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கங்க மரபினனான சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில், பாடம் கேட்கும் முறை விரிவாக வருகிறது. அதன்படி, ஆசான் சொன்னதை எவ்வளவு செவ்வையாக மனத்திற் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு புலமையே. உடன் கற்கும் மாணாக்கரோடு சேர்ந்து பழகுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கும் எப்போது நிரம்பும் என்றால், தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போது. வடமொழியிலும் இதைப் போன்ற ஒரு பங்கீடு வழங்குகிறது: ஆசிரியரால் கால், சுயபுத்தியால் கால், உடன் மாணவரால் கால், காலம் செல்லச் செல்ல அனுபவத்தால் கால். இரண்டு கணக்கிலும் ஆசிரியருக்குக் காலுக்கு மேல் கிடைக்கவில்லை. ஆசிரியப் பெருமக்கள் இதைக் கேட்டு வருந்த வேண்டாம். அந்தக் கால் பங்கு இல்லாமல் மற்ற முக்கால் பங்கும் தொடங்காது.

நன்னூலின் இந்தக் கணக்கு ஏட்டோடு நின்றதும் அன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டி, முறை சொல்லிக் கேட்டு வந்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1797-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது அந்நாட்டில் 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்று, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றில் பரவியது. திண்ணைப் பள்ளியில் எல்லாம் செம்மையாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை; பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. கல் என்னும் வினை எவரையும் விலக்கவில்லை. திண்ணைக்கு உரியவர்கள் விலக்கினார்கள். ஔவையார் என்னும் ஒரு பெண், அரசன் அவையில் அமர்ந்தும், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றும் வாழ்ந்த நாடு இது என்பதை நினைத்தால் அந்த வீழ்ச்சியின் ஆழம் தெரியும்.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். தருமபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 68.5. அப்போது மாநிலத்தின் வரிசையில் கடைசி இடம் இந்த மாவட்டத்துக்கு. இந்த எண்ணிக்கையைச் சொல்லி உங்களை நாணச் செய்வது என் நோக்கமன்று. அது எழுதப் படிக்கத் தெரிவதை மட்டுமே அளக்கிறது. பாரதப் பந்தலில் பெற்ற கேள்வியறிவையும் நிலத்தில் பழகிய தொழிலறிவையும் அது அளப்பதில்லை. ஆனாலும் எழுத்தறிவு வேண்டாம் என்று சொல்ல இக்காலத்தில் யாருக்கும் உரிமை இல்லை. மனுவைப் பிறர் எழுதித் தர, தாம் கைநாட்டு வைத்த தலைமுறையின் கஷ்டம் என்னவென்பதை இந்த அவையிலுள்ள முதியோர் சிலரேனும் அறிவார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். நம் கவலை அவர்கள் அங்கே இருக்கிறார்களா என்பதிலிருந்து, அங்கே கற்கிறார்களா என்பதற்கு நகர வேண்டிய காலம் இது.

ஆகையால், சொல்லாராய்ச்சியாகத் தொடங்கிய இந்தப் பேச்சை ஒரு வேண்டுகோளாக முடிக்க உங்கள் அனுமதியைக் கோருகிறேன். பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், 'இன்றைக்கு என்ன பாடம் நடத்தினாங்க?' என்று கேட்கிறீர்கள். அது ஆசிரியரின் கால் பங்கைப் பற்றிய விசாரணை. அதோடு நிறுத்தாமல், எட்டாவது படிக்கிற அக்காளை ஐந்தாவது படிக்கிற தம்பிக்குப் பின்னக் கணக்கை விளக்கச் சொல்லுங்கள். தம்பி இல்லாத வீட்டில் பாட்டிக்கு விளக்கட்டும். பாட்டி கேட்கிற குறுக்குக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் பிள்ளை திரும்பவும் புத்தகத்தைத் திறந்தால், அன்றைய பொழுது பயனுள்ளதாயிற்று. ஆசிரியப் பெருமக்களே, போர்ஷன் முடிய வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இருப்பதை நான் அறிவேன். ஆயினும் ஒரு பாடவேளையில் பத்து நிமிஷமாவது சாக்கட்டியை ஒரு மாணவன் கையிலோ மாணவி கையிலோ கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். நன்னூலார் சொன்ன அரைப் பங்கு அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. எழும்பூரில் பார்த்ததை எடுத்துப் போய் ஒரு தேசம் பள்ளிக்கூடங்கள் நடத்தியது. அதை அதியமான்கோட்டையில் நடத்திப் பார்க்க ஒரு செலவும் இல்லை, ஒரு சர்க்கார் உத்தரவும் தேவையில்லை.